மூடி கைக்கு வந்தால்

ஜனவரி 6

வாலுக்கு,

அக்கா எழுதுகிறேன். சளி, இருமல் இல்லாமல் இருக்கிறாயா? நாங்கள் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. மூன்று பேரும் இருக்கிறோம், அவ்வளவுதான்.

இந்தக் காலத்தில் எவள் கடிதம் எழுதுகிறாள், ஒரு போன் போட்டால் என்ன என்று நினைப்பாய். நான் போனைக் காதில் வைத்தால் சுண்டு தலையைச் சுவரில் இடிக்கிறாள். போன மாதம் நீ கூப்பிட்டபோது "யாருக்கா கதவைத் தட்டறாங்க?" என்று கேட்டாய். "பக்கத்து வீட்ல ஆணி அடிக்கிறாங்க" என்றேன். ஆணியும் இல்லை, பக்கத்து வீடும் இல்லை. என் பெண்ணின் நெற்றி.

ஒன்பது வயதாகியும் பேச்சு வராதது எனக்குப் பழகிவிட்டது. இது பழகவில்லை. சமையலறைச் சுவர், கதவு நிலை, என் தையல் மெஷினின் மேஜை விளிம்பு, எதையும் விடுவதில்லை. அவர் பழைய மெத்தையை அறுத்துச் சுவர் முழுக்க ஒட்டினார். மெத்தை இல்லாத இடத்தை இவள் தேடிக் கண்டுபிடிக்கிறாள். இதில் மட்டும் மகா கெட்டிக்காரி.

நேற்று கண் டாக்டரிடம் போனோம். "இடது கண்ணுக்குள்ள இருக்கிற திரை மெலிஞ்சு போயிருக்கு. இன்னும் இடிபட்டா பிரிஞ்சிடும். பிரிஞ்சா அந்தக் கண்ல பார்வை நிக்காதும்மா. எப்படியாவது நிறுத்துங்க" என்றார். எப்படி என்று கேட்பதற்குள் அடுத்த ஆள் உள்ளே வந்துவிட்டார்.

லேத் பட்டறையில் ஒரு நூல் பிசகாமல் இரும்பைக் கடைகிற மனுஷர், வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு பத்து நிமிஷம் அப்படியே நின்றார். அழுதிருந்தால்கூட எனக்குத் தேவலை.

நீ இதற்குத்தானே படித்தாய். அந்த விடுதியில் இவளைப் போலப் பத்தொன்பது பிள்ளைகளைக் கட்டி மேய்க்கிறாய். என்னுடைய ஒன்றுக்கு ஒரு வழி சொல். வர முடிந்தால் வா. முடியாவிட்டால் எழுது.

உன் அக்கா

*

ஜனவரி 14

அக்காவுக்கு,

எனக்கு ஒன்றும் இல்லை, தொண்டைதான் கட்டியிருக்கிறது. கத்துகிற வேலை. அத்தானை விசாரித்ததாகச் சொல். சுண்டுவின் நெற்றியில் எனக்காக ஒரு தடவை ஊதிவிடு.

இப்போது வர முடியாது. எங்களுக்கு ஆள் பற்றாக்குறை. ஆனால் எழுதுவேன்.

முதல் வேலை: காது, பல், வயிறு மூன்றையும் டாக்டரிடம் காட்டு. வலி தாங்காமல் இடிக்கிற பிள்ளைகள் உண்டு. வலி இருந்தால் என் வித்தை எதுவும் செல்லாது, செய்யவும் கூடாது.

வலி இல்லை என்றால், இதோடு வைத்திருக்கிற கட்டம் போட்ட தாளை எடு. ஒரு இடிக்கு ஒரு கோடு. பக்கத்தில் மூன்று விஷயம் எழுது. இடிப்பதற்கு முன்னால் என்ன நடந்தது, எங்கே இடித்தாள், இடித்ததும் நீங்கள் என்ன செய்தீர்கள். மூன்றாவதைத்தான் எல்லோரும் வெட்கப்பட்டுக்கொண்டு மறைப்பார்கள். நீ மறைக்காதே. இந்தத் தாளை நம்பித்தான் நான் எதையும் சொல்ல முடியும், என் கண்ணால் பார்க்கப்போவதில்லை.

அவள் உன்னைப் பழிவாங்கவில்லை, அக்கா. பிடிவாதமும் இல்லை. அந்த இடியால் அவளுக்கு ஏதோ கிடைக்கிறது. அது என்ன என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

வாலு

*

பிப்ரவரி 1

வாலுக்கு,

தொண்டைக்கு வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளி. ஊருக்கெல்லாம் புத்தி சொல்கிறவள் உனக்குச் செய்துகொள்ள மாட்டாய்.

காது சுத்தம், பல் சுத்தம், வயிறும் சுத்தம். பல் டாக்டரின் கையைக் கடித்துவிட்டாள், அதை உன் தாளில் எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தெரியவில்லை.

பதினைந்து நாள் தாளையும் வைத்திருக்கிறேன். ஒரு நாளைக்குச் சராசரியாக எண்பது. நானே கூட்டிப் பார்த்துவிட்டு, எதிரே போட்டிருந்த சட்டைத் துணியில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். 'முன்னால் என்ன நடந்தது' என்ற கட்டத்தில் திரும்பத் திரும்ப ஒன்றையே எழுதியிருக்கிறேன். மெஷினில் உட்கார்ந்தேன். வாசலில் ஆள் வந்தது, பேசினேன். போன் எடுத்தேன். அவர் வந்ததும் அவரோடு பேசினேன். மூன்றாவது கட்டத்திலும் ஒன்றேதான். ஓடினேன். தூக்கினேன். மடியில் வைத்துக்கொண்டேன்.

அவள் சும்மா உட்கார்ந்திருந்தபோது நான் என்ன செய்தேன் என்று யோசித்தேன். தைத்தேன். சத்தம் இல்லாத நேரத்தில் நாலு காலர் முடித்துவிடலாம் என்று மூச்சுக்கூட விடாமல் தைத்தேன்.

நீ சின்ன வயதில் மூச்சை அடக்கி நீலமாகிவிடுவாயே, ஞாபகம் இருக்கிறதா? அம்மா அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடி வருவாள். நான் சமர்த்து. எனக்குப் பசித்தால் நானே போட்டுச் சாப்பிட்டுக்கொள்வேன். தாளைப் பார்த்ததும் ஏனோ அது ஞாபகம் வந்தது, சிரிப்பும் வந்தது.

உன் அக்கா

*

பிப்ரவரி 7

அக்காவுக்கு,

தொண்டை பரவாயில்லை. உன் தாளை எங்கள் டாக்டரம்மாவிடம் காட்டினேன். "இவங்களை வேலைக்குச் சேர்த்துக்கலாமே" என்றார். அவ்வளவு நேர்மை.

அவள் கேட்பது உன்னை. வேறு எதையும் இல்லை. வாயால் கேட்க வரவில்லை, தலையால் கேட்கிறாள். இடித்தால் அம்மா வருவாள் என்று ஒன்பது வருஷமாக நாம்தான் பாடம் நடத்தியிருக்கிறோம்.

இனி இப்படி. பால் பவுடர் டப்பாவின் பிளாஸ்டிக் மூடி ஒன்று எடு. உள்ளங்கை அளவு, மெல்லிசு, சிவப்பாக இருந்தால் நல்லது. அவள் கையைப் பிடித்து அந்த மூடியை உன் கையில் வைக்கச் செய். வைத்த உடனே போய் அவள் பக்கத்தில் உட்கார், கொஞ்சு. சட்டம் இதுதான்: மூடி கைக்கு வந்தால் எதற்கு, ஏன் என்ற கேள்வி கிடையாது. காலர் பாதியில் இருந்தாலும் போட்டுவிட்டுப் போக வேண்டும். போனதும் மூடியை அவளிடமே திருப்பிக் கொடு. அடுத்த முறை கேட்க அவளிடம் இருக்க வேண்டும்.

இடித்தால் தலைக்கும் சுவருக்கும் நடுவே தலையணையை வை. அதை மட்டும் எந்தக் காரணத்துக்கும் விடாதே, கண் முக்கியம். ஆனால் முகத்தைப் பார்க்காதே, பேசாதே, தூக்காதே. அவள் இல்லாத மாதிரி இரு. இது கொடுமையாகத்தான் இருக்கும்.

இன்னொன்று. இதைச் சொல்லாமல் விட்டால் நீ என்னை மன்னிக்க மாட்டாய். முதல் வாரம் குறையாது, கூடும். இத்தனை நாள் பலித்த ஒன்று பலிக்கவில்லை என்றால் யாரானாலும் முதலில் இன்னும் பலமாகச் செய்துதான் பார்ப்பார்கள். அந்த வாரத்தில் கைவிட்டுவிடாதே. தலையணை கையிலேயே இருக்கட்டும்.

கடைசியாக, அவள் சும்மா இருக்கும்போதும் போய் உட்கார். இடிக்கிற பிள்ளையிடம் மட்டும் ஓடுவதுதான் எல்லா வீட்டிலும் நடக்கிற தப்பு. நல்லபடியாக இருப்பதை யாராவது கவனித்தார்களா என்று பார், பாதி மருந்து அதுதான்.

வாலு

*

பிப்ரவரி 18

வாலுக்கு,

நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்க இன்று எனக்கு மனசு இல்லை. மன்னித்துக்கொள்.

மூடி கிடைத்தது. டீக்கடைக்காரர் ஏழு மூடி கொடுத்தார். "எதுக்கும்மா?" என்றார். "கேள்வி கேக்கக் கூடாதுன்னு சட்டம்" என்றேன். பாவம், பயந்துவிட்டார்.

நேற்று இருநூற்றுப் பன்னிரண்டு. எழுத்தால் எழுதுகிறேன், எண்ணால் எழுதினால் நீ தப்பாகப் படித்ததாக நினைப்பாய். தலையணையைப் பிடித்துப் பிடித்து என் மணிக்கட்டு வீங்கிவிட்டது. முகத்தைப் பார்க்காதே என்று எழுதிவிட்டாய். அவள் என் தாடையைப் பிடித்துத் திருப்புகிறாள், வாலு. இரண்டு கையாலும் பிடித்துத் திருப்புகிறாள். நான் கண்ணை மூடிக்கொள்கிறேன். இப்படி ஒரு பாவத்தை எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை, நீ தந்துவிட்டாய்.

ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டில் இருந்தார். நாற்பது வரை பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். நாற்பதாவது இடிக்கு என்னைத் தள்ளிவிட்டு அவளைத் தூக்கிக்கொண்டார். "போதும்டி, உன் தங்கச்சி படிச்ச படிப்பு போதும். இது என் பொண்ணு" என்றார். அவள் அவர் தோளில் உடனே அடங்கிவிட்டாள். அப்பாவும் பெண்ணும் நன்றாக இருந்தார்கள். நான்தான் அந்த வீட்டில் ராட்சசி.

நிறுத்திவிடவா? சீக்கிரம் எழுது. என்னால் முடியவில்லை.

அக்கா

*

பிப்ரவரி 22

அக்கா,

கடிதம் கிடைத்த கையோடு, பிள்ளைகள் சாப்பிடுகிற நேரத்தில் எழுதுகிறேன். நிறுத்தாதே. இருநூற்றுப் பன்னிரண்டு என்றால் அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது என்று அர்த்தம். பழைய வழி மூடப்படுகிறது என்று தெரிந்துகொண்டாள்.

இந்தப் பகுதியை அத்தானிடம் படித்துக் காட்டு.

அத்தான், உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் நடந்ததைச் சொல்லியாக வேண்டும். ஒன்றுக்குத் தூக்கியிருந்தால் அவள் ஒன்றோடு நிறுத்தியிருப்பாள். நீங்கள் நாற்பதுக்குத் தூக்கினீர்கள். நாற்பது இடித்தால் அப்பா வருவார் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டீர்கள். இனி நாற்பதுக்கு முன்னால் நிறுத்த அவளுக்குக் காரணமே இல்லை. பாதி செய்வது ஒன்றும் செய்யாததைவிட மோசம். உங்கள் பட்டறையில் நீங்கள் ஒரு நூல் விடுவீர்களா? இங்கேயும் விடாதீர்கள். எழுதியிருப்பதை எழுதியபடி செய்யுங்கள்.

அக்கா, உன் மணிக்கட்டில் துணி சுற்றிக்கொள். நீ ராட்சசி இல்லை. இங்கே நானும் தினமும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறவள்தான். அதைப் பற்றி இன்னொரு நாள் எழுதுகிறேன்.

வாலு

*

ஏப்ரல் 2

என் தங்க வாலுக்கு,

சுகமாக இருக்கிறாயா? நாங்கள் சுகம். பார், கை தானாக எழுதுகிறது.

நேற்று ஒன்பது. முதலில் நூற்று முப்பது, அப்புறம் அறுபது, இருபது என்று இறங்கி நேற்று ஒன்பது. தாளெல்லாம் இதோடு இருக்கிறது, எங்கே, எப்போது எல்லாம் எழுதியிருக்கிறேன். மூடி வீட்டில் ஏழு இடத்தில் கிடக்கிறது. நான் காஜா எடுத்துக்கொண்டிருப்பேன், மெஷினுக்கும் என் கைக்கும் நடுவே சிவப்பாக ஒன்று நுழையும். உடனே போட்டுவிட்டுப் போகிறேன். பொத்தானில்லாத சட்டையாகவே தைத்துத் தள்ளுகிறேன், கடைக்காரர் திட்டுகிறார், திட்டட்டும்.

உன் கடிதத்தைப் படித்துக் காட்டியதும் உன் அத்தான் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். அதற்குப் பிறகு ஒரு தடவைகூடத் தவறவில்லை. உன் கடிதங்களை, இரும்பை நூல் பிசகாமல் அளக்கிற வெர்னியரை வைத்திருக்கிற பெட்டியில் வைத்திருக்கிறார். "அவ எழுதினா அப்படியே செய்யணும்" என்கிறார். அந்தப் பெட்டியில் என்னைக் கை வைக்க விடமாட்டார், உன் எழுத்துக்கு வந்த மரியாதையைப் பார்.

நேற்று அவளாகவே என் பக்கத்தில் வந்து, மூடியை வைத்து, என் முகத்தைப் பார்த்தாள். நான் கண்ணை மூடவில்லை.

நீ வந்து பார்க்க வேண்டும். எப்போது வருகிறாய்? இன்னொரு நாள் எழுதுகிறேன் என்றாயே, அதையும் எழுது.

உன் அக்கா

*

மே 5

வாலுக்கு,

போன கடிதம் கிடைத்ததா? தபால்காரர் நம் வாசலைத் தாண்டும்போது நான் எட்டிப் பார்ப்பதைப் பார்த்து, "இல்லம்மா" என்று தூரத்திலேயே கையை ஆட்டிவிடுகிறார்.

உடம்புக்கு ஒன்றும் இல்லையே? இங்கே எல்லாம் நல்லபடி. பன்னிரண்டு நாளாகப் பூஜ்யம். தாளில் ஒன்றும் இல்லை, வெள்ளையாக இருக்கிறது, இருந்தாலும் வைத்திருக்கிறேன். கண் டாக்டரும், "திரை நின்ன இடத்துல நிக்குது, நல்ல வேலை பண்ணினீங்க" என்றார். உன்னைத்தான் நினைத்துக்கொண்டேன்.

வீடு அமைதியாக இருக்கிறது. அவர் விடியக் கிளம்பினால் பொழுது சாய வருகிறார். சுண்டுவுக்குப் பேச்சில்லை. மெஷின் சத்தம் நின்றால் குழாயில் சொட்டுவது கேட்கிறது. போன் எடுத்துப் பார்க்கலாமா என்று நினைத்தேன், அவள் இடித்துவிட்டால் என்ற பயத்தில் எடுக்கவில்லை. சும்மா எழுதுகிறேன், விசேஷம் ஒன்றும் இல்லை.

இரண்டு வரி போடு.

அக்கா

*

ஜூன் 4

வாலுக்கு,

நலம் விசாரித்தேன்.

மறுபடி ஆரம்பித்துவிட்டாள். திங்கள் தொண்ணூற்று நாலு. செவ்வாய் நூற்றுப் பத்து. புதன் நூற்றுப் பதினெட்டு. தாள் வைத்திருக்கிறேன். என்ன செய்வதென்று தெரியவில்லை. நீ வந்து பார்த்தால்தான் புரியும் என்று தோன்றுகிறது.

அக்கா

*

ஜூன் 8

என் அக்காவுக்கு,

கடிதம் மதியம் வந்தது, இப்போது மூன்று மணி. ஐயோ அக்கா, எவ்வளவு கஷ்டப்பட்டு இறக்கினாய். நீ சாப்பிடுகிறாயா? தூங்குகிறாயா? மணிக்கட்டு எப்படி இருக்கிறது? உன்னையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். உனக்கு எழுதாமல் இருந்தது என் தப்பு, பிறகு பேசலாம்.

உடனே கிளம்ப முடியவில்லை. அடுத்த மாதம் எப்படியாவது வருகிறேன். அதுவரை சும்மா இருந்தால் கண் போய்விடும். அதனால் யோசித்து எழுதுகிறேன்.

இந்த முறை தாளில் எங்கே, எப்போது என்று நீ எழுதவில்லை. களைத்துப்போயிருப்பாய். நான் ஊகித்துத்தான் சொல்கிறேன். பூஜ்யத்துக்கு வந்த பிள்ளை திடீரென்று நூறுக்குப் போனால் பெரும்பாலும் ஒரு காரணம்தான். இடித்துவிட்டு உடனே மூடியை நீட்டுகிறாள், நீ பதறி வாங்குகிறாய். இடி, மூடி, அம்மா என்று மூன்றும் ஒரே சங்கிலியாகிவிட்டது. அதை அறுக்க வேண்டும்.

ஒரு வாரத்துக்கு மூடியை வாங்காதே. நீட்டினாலும் வாங்காதே. அதற்குப் பதில் கடிகாரம் வைத்துக் கால் மணிக்கு ஒரு முறை நீயாகப் போய் அவளோடு உட்கார். கேட்டாலும் கேட்காவிட்டாலும் அந்த நேரத்துக்குப் போ. நடுவில் போகாதே. தலையணை எப்போதும் போல. ஒரு வாரம் கழித்து மூடியை மறுபடி ஆரம்பிக்கலாம்.

அத்தானிடமும் காட்டு. தைரியமாக இரு. ஒரு நாள் விட்டு ஒரு நாள் எழுதுவேன்.

உன் வாலு

*

ஜூன் 25

வாலுக்கு,

நீ நலமாக இரு. இதை உட்கார்ந்து படி.

ஜூன் மாதம் நான் அனுப்பிய தாள் பொய். சுண்டு இடிக்கவே இல்லை. ஏப்ரல் இருபத்து மூன்றாம் தேதிக்குப் பிறகு ஒரு தடவைகூட இடிக்கவில்லை. மெஷின் முன்னால் உட்கார்ந்து, பக்கத்தில் அவள் நூல்கண்டுகளை வரிசையாக அடுக்கிக்கொண்டு சமர்த்தாக இருக்கும்போது, அந்தக் கோடுகளை நான் போட்டேன். நூற்றுப் பதினெட்டு கோடு. பேனா மாற்றி மாற்றிப் போட்டேன், ஒரே நாளில் போட்டது மாதிரி தெரியக்கூடாது என்று.

ஏன் என்றா கேட்கிறாய்? இருநூற்றுப் பன்னிரண்டு என்று எழுதினேன், நாலாம் நாள் எழுதினாய். ஒன்பது என்று எழுதினேன், ஒன்றும் வரவில்லை. பூஜ்யம் என்று எழுதினேன், ஒன்றும் வரவில்லை. நான் படித்தவள் இல்லை, ஆனால் தாள் போடக் கற்றுக்கொடுத்தவள் நீ. தேதிகளை ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். முன்னால் என்ன, பின்னால் என்ன. அப்புறம் எனக்கு எது பலிக்கிறதோ அதைச் செய்தேன். உடனே எழுதினாய். சாப்பிட்டாயா என்று கேட்டாய். அதைத்தான் பத்துத் தடவை படித்தேன். கீழே இருந்த சட்டத்தைச் செய்யப்போவதில்லை என்று கடிதத்தை மெஷின் டிராயரில் துணிக்கு அடியில் வைத்தேன். அவரிடம் காட்டவில்லை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் எழுதுவேன் என்றாய். அதுவும் வரவில்லை, அது கிடக்கட்டும்.

பதினாறாம் தேதி அவருக்கு விடுமுறை. நான் தைத்த சட்டைகளைக் கொடுக்கக் கடைக்குப் போனேன். மெஷினுக்கு எண்ணெய் போடலாம் என்று அவர் டிராயரைத் திறந்திருக்கிறார். உன் கையெழுத்து. பகலில் இடிக்கிறாள் போலிருக்கிறது, இவள் நம்மிடம் சொல்லாமல் மறைக்கிறாள் என்று நினைத்துக்கொண்டாராம். ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். அவர் கேட்கிற ஆள் இல்லை, நீயும் நானும் அவரை அப்படிப் பழக்கிவிட்டோம். எழுதியிருப்பதை எழுதியபடி செய்தார்.

அவள் மூடியை நீட்டினாள். வாங்கவில்லை. கையில் திணித்தாள். கையை மூடிக்கொண்டார். தாங்க முடியாமல் முன்தாழ்வாரத்துக்கு வந்து நடுக்கதவைச் சாத்திக்கொண்டு, கடிகாரத்தை எதிரே வைத்து உட்கார்ந்தார். கதவுக்குக் கீழே சந்து இருக்கிறது. மூடி அதன் வழியாக வந்தது. அப்படியே விட்டார். இன்னொன்று வந்தது. வீடெல்லாம் தேடியிருக்கிறாள், வாலு. ஏழு மூடியும் வந்தன.

அப்புறம்தான் இடித்தாள். அந்தக் கதவிலேயே. அவர் தலையணையை எடுத்துக்கொண்டு ஓடினார். கதவு உள்பக்கம் திறப்பது. தள்ளினால் அவள் தலையில் படும். தலையணை இவர் கையில், தலை அந்தப் பக்கம். "நகரு கண்ணு, நகரு கண்ணு" என்று கத்திக்கொண்டிருந்திருக்கிறார். நான் படியேறும்போது அதுதான் கேட்டது.

இடது கண் திரை பிரிந்துவிட்டது. ஆபரேஷன் ஜூலை இரண்டு. "கொஞ்சம் வெளிச்சம் தெரிஞ்சாலே அதிர்ஷ்டம்தான்" என்கிறார் டாக்டர். அவளுக்கு வலது கண் இருக்கிறது என்று எல்லோரும் எனக்கு ஆறுதல் சொல்கிறார்கள். அவர்களுக்கு நான் செய்தது தெரியாது.

அவரிடம் சொல்லிவிட்டேன். தாள், கோடு, எல்லாம். அடிப்பார் என்று நினைத்தேன். ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டு போய் அந்தக் கதவைக் கீலோடு கழற்றி மாடியில் கொண்டு போய்ப் போட்டார். உன் கடிதங்களை வெர்னியர் பெட்டியிலிருந்து எடுத்து என் மடியில் வைத்தார்.

சுண்டு இப்போது மூடியை யாரிடமும் நீட்டுவதில்லை. நான் அவள் கையில் வைத்தால் கீழே போட்டுவிடுகிறாள். நேராகச் சுவருக்குத்தான் போகிறாள். நேற்று அறுபத்தாறு. இது பொய் இல்லை. நான் சொன்னால் நீ நம்ப மாட்டாய், நம்ப வேண்டாம். எங்கே, எப்போது என்று தாளில் இருக்கிறது.

ஒரு மூடியை இந்தக் கவரில் வைத்திருக்கிறேன். இடிக்காமல் கேட்க எனக்கு வேறு வழி தெரியவில்லை.

அக்கா

*

ஜூலை 1

அக்காவுக்கு,

நீ எப்படி இருக்கிறாய் என்று இப்போது கேட்கவில்லை. சாயங்காலம் என் கண்ணால் பார்த்துக்கொள்கிறேன். பஸ்ஸில் உட்கார்ந்து எழுதுகிறேன், எழுத்து ஆடும்.

கவரைப் பிரித்ததும் மூடிதான் முதலில் கையில் விழுந்தது. கடிதத்தை அதற்குப் பிறகுதான் படித்தேன். டாக்டரம்மா, "திடீர்னு எதுக்கு லீவு?" என்றார். மூடியைக் காட்டினேன். அவர் ஒன்றும் கேட்காமல் கையெழுத்துப் போட்டார். எங்கள் விடுதியில் அந்தச் சட்டம் எல்லோருக்கும் தெரியும்.

உன் ஏப்ரல் கடிதம், மே கடிதம் இரண்டும் கிடைத்தன. நின்றபடியே படித்து, சிரித்து, அக்கா வீட்டில் இனிக் கவலையில்லை என்று மேஜை டிராயரில் போட்டுவிட்டு, கத்துகிற ஒரு பிள்ளையிடம் ஓடினேன். இங்கே பத்தொன்பது பேர். சமர்த்தாக ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிற பெண் ஒருத்தி இருக்கிறாள். அவளிடம் நான் கடைசியாக எப்போது உட்கார்ந்தேன் என்று நேற்று யோசித்துப் பார்த்தேன். நினைவில்லை. இன்னொரு நாள் எழுதுகிறேன் என்றேனே, அது இதுதான். ஊருக்குச் சொல்லிக்கொடுக்கிறேன், எனக்கு வரவில்லை. உன் பக்கத்தில் யாரும் எப்போதுமே வந்து உட்காரவில்லை. நான் மூச்சை அடக்கினேன், நீ தானே போட்டுச் சாப்பிட்டுக்கொண்டாய். அது சிரிக்கிற விஷயம் என்று இருவருமே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

கோபமும் இருக்கிறது. இல்லை என்று சொல்ல மாட்டேன். நூற்றுப் பதினெட்டு கோடு போட உனக்கு எப்படிக் கை வந்தது? வந்து திட்டுவேன். பார்க்காமலே ஊகித்து எழுதினேனே, அதற்கு நீ என்னைத் திட்டு. அத்தானிடம் நான் என்ன சொல்லப்போகிறேன் என்று தெரியவில்லை. அவர் செய்த தப்பு ஒன்றே ஒன்று, என்னை நம்பியது.

கண் வருமா என்று எனக்குத் தெரியாது. சுண்டு மறுபடி யாரையாவது நம்பி மூடியை நீட்டுவாளா என்பதும் தெரியாது. ஒரு முறை ஏமாந்த பிள்ளைக்கு இரண்டாம் முறை கற்றுக்கொடுப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும், அதை உன்னிடம் மறைக்கப்போவதில்லை. நாளை ஆபரேஷன் அறை வாசலில் உன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். அவள் கட்டோடு எழுந்ததும் ஒவ்வொரு மூடியாக, முதலிலிருந்து ஆரம்பிப்போம். எத்தனை நாள் என்று டாக்டரம்மாவிடம் நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

இந்தக் கவரில் தபால்தலை ஒட்டவில்லை. உன் கையிலேயே கொடுத்துவிடுவேன், மூடியும் உள்ளே இருக்கும். அதை நீயே வைத்துக்கொள், அக்கா. அடுத்த முறை கேட்க உன்னிடம் இருக்க வேண்டும்.

தங்கச்சி